கழற்றப்போவதை நினைத்து மாட்டுங்கள்: ஷாஃப்டில் புல்லி பொருத்த எந்த முறை நல்லது?

பத்து ஹெச்பி மோட்டார் ஒன்று இரவு ஷிஃப்டில் எரிந்துபோகிறது. ஸ்டோரில் மாற்று மோட்டார் தயாராக இருக்கிறது. நான்கு ஃபவுண்டேஷன் போல்ட்டைக் கழற்றி, வயரை மாற்றிக் கொடுத்தால் வேலை முடிந்தது. ஆனால் எரிந்த மோட்டாரின் ஷாஃப்டை (சுழலும் தண்டை) விட்டுப் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) வர மாட்டேன் என்கிறது. புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) மாட்டினால் புல்லியின் விளிம்பு பிய்கிறது. சம்மட்டியால் அடித்தால் ஷாஃப்ட் முனை காளான் மாதிரி மழுங்குகிறது. கடைசியில் கேஸ் கட்டிங் ஆளுக்கு போன் போகிறது, விடியும்வரை மெஷின் நிற்கிறது. கோவை, திருப்பூர் பக்கம் மில் பராமரிப்பில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

புதிதாக ஒரு டிரைவ் அமைக்கும்போது மோட்டார் எத்தனை ஹெச்பி, பெல்ட் பி செக்‌ஷனா சி செக்‌ஷனா, புல்லி எத்தனை இன்ச் என்றெல்லாம் கணக்குப் போடுகிறோம். அந்தப் புல்லி ஷாஃப்டில் எப்படி உட்காரப்போகிறது என்பதை மட்டும் லேத் பட்டறையிடம் விட்டுவிடுகிறோம். கீ (ஷாஃப்டும் புல்லியும் சேர்ந்து சுற்ற நடுவில் வைக்கும் இரும்புக் கட்டை) வைத்துக் கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத ஸ்க்ரூ) போடுவது, டேப்பர் லாக் புஷ், சூடேற்றி இறுக்கமாக ஏற்றுவது, கீயே இல்லாத லாக்கிங் அசெம்பிளி என்று வழிகள் பல இருக்கின்றன. இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைக் கழற்றும் ஆளின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாட்டும்போது எல்லாமே நமக்குச் சாதகம்: புது ஷாஃப்ட், புதுப் புல்லி, பகல் வெளிச்சம், வேண்டிய நேரம். கழற்றும்போது துரு, தூசி, அவசரம், கையில் இருக்கிற ஒன்றிரண்டு ஸ்பேனர். அதைச் செய்யப்போகிறவரும் பெரும்பாலும் வேறொருவர்.

பலம் ஒரு பிரச்சினையே இல்லை

கழற்ற வசதியாக மாட்டினால் பிடிமானம் குறைந்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து ஹெச்பி என்றால் 7.5 கிலோவாட். 1440 ஆர்பிஎம் ஓடும் மோட்டாரில் அது சுமார் 50 நியூட்டன் மீட்டர் டார்க் (திருப்பு விசை). இந்த மோட்டார் வழக்கமாக 132 ஃபிரேமில் (மோட்டார் உடலின் அளவு எண்) வரும், ஷாஃப்ட் 38 மி.மீ. அந்த ஷாஃப்டின் மேற்பரப்பில் விழும் விசை ஏறக்குறைய 2,600 நியூட்டன், அதாவது 265 கிலோ. கீயின் அகலம் 10 மி.மீ., நீளம் 50 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் வெட்டு அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு 5 நியூட்டனைச் சற்றுத் தாண்டும். சாதாரண மைல்டு ஸ்டீல்கூட இதைப்போல் பத்து மடங்குக்கு மேல் தாங்கும். ஸ்டார்ட் ஆகும்போது டார்க் இரண்டு மூன்று மடங்கு எகிறினாலும் கவலையில்லை.

ஆக, சாதாரண பெல்ட் டிரைவில் எந்த முறையில் மாட்டினாலும் பலம் போதும். நிற்காமல் ஓடும்போது லூஸ் ஆகாமல் இருக்குமா, வேண்டும்போது வெளியே வருமா என்ற இரண்டு கேள்விகள்தான் மிச்சம். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று நினைப்பது இயல்பு. உண்மையில் லூஸ் ஆவதுதான் பெரும்பாலும் சிக்கிக்கொள்கிறது.

ஏன் சிக்குகிறது

கையால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி புல்லிக்குப் போர் (ஷாஃப்ட் நுழையும் துளை) அடித்துக் கொடுத்தால் மாட்டுகிறவருக்குச் சந்தோஷம். ஆனால் அந்த இடைவெளியில், பெல்ட் இழுப்பினால் ஒவ்வொரு சுற்றுக்கும் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவு ஷாஃப்டும் போரும் உரசிக்கொள்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அசைவுதான். ஆனால் நிமிடத்துக்கு 1440 முறை. உரசிய இடத்தில் இரும்பு பொடிந்து, காற்று பட்டு ஆக்சைடாகிறது. கழற்றியபின் பார்த்தால் செம்பழுப்பு நிறத்தில் மாவு மாதிரி ஒரு தூள் அப்பியிருக்குமே, அதுதான். இரும்பைவிட அதன் ஆக்சைடுக்கு இடம் அதிகம் வேண்டும். வெளியே போக வழியில்லாத தூள் இடைவெளியை அடைத்து, இறுகி, ஆப்பு அடித்த மாதிரி உட்கார்ந்துவிடுகிறது. சுலபமாக உள்ளே போன புல்லி ஐந்து வருடம் கழித்து வெளியே வர மறுப்பது இதனால்தான்.

இரண்டாவது காரணம் கிரப் ஸ்க்ரூ. அதன் முனை கிண்ணம்போல் குழிவாகவும் ஓரம் கூர்மையாகவும் இருக்கும். நேரடியாக ஷாஃப்டின் மேல் இறுக்கினால் வட்டமாகக் கடித்து, சுற்றிலும் ஒரு பிசிறை எழுப்பிவிடும். ஸ்க்ரூவைக் கழற்றினாலும் அந்தப் பிசிறு அங்கேயே நிற்கும். புல்லியை இழுக்கும்போது பிசிறு போரைக் கீறிக்கொண்டே வரும், பாதி வழியில் இறுகி நிற்கும்.

மூன்றாவது, இழுக்கப் பிடி இல்லாதது. புல்லருக்கு ஹப்பின் (புல்லியின் தடித்த நடுப்பகுதி) பின்னால் கால் நுழைய இடமிருக்காது. அதனால் விளிம்பில் மாட்டுவார்கள். காஸ்ட் அயர்ன் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், வளைவைத் தாங்காது. வி-பள்ளத்தின் ஓரம் ஒரு துண்டு போனால் அந்தப் புல்லி பெல்ட்டைத் தின்ன ஆரம்பித்துவிடும்.

எந்த முறையை எடைபோடுவதானாலும் உரசல் நிற்குமா, ஷாஃப்டில் காயம் படாமல் இருக்குமா, இழுக்கப் பிடி இருக்குமா என்று இந்த மூன்றையும் கேட்டாலே பாதி முடிவு வந்துவிடும்.

கீயும் கிரப் ஸ்க்ரூவும்

நம் ஊரில் அதிகம் பார்ப்பது இதைத்தான். பைலட் போர் புல்லி (நடுவில் சிறு துளை மட்டும் உள்ளது) வாங்கி, லேத்தில் போர் அடித்து, ஸ்லாட்டிங் மெஷினில் கீவே (கீ உட்காரும் பள்ளம்) வெட்டி, மேலே ஒரு மரைத் துளை போட்டுக் கிரப் ஸ்க்ரூ வைப்பார்கள். எந்த ஊரிலும் செய்துகொள்ளலாம், எந்த ஷாஃப்டுக்கும் பொருத்தலாம், செலவும் குறைவு. இந்த முறைக்குக் கெட்ட பெயர் வந்தது முறையினால் அல்ல, செய்யும் விதத்தினால்.

முதலில் போரின் அளவு. 38 மி.மீ. மோட்டார் ஷாஃப்டின் டாலரன்ஸ் (அனுமதிக்கும் அளவு வித்தியாசம்) கே6, அதாவது 38 மி.மீ.-க்கு மேல் 2 முதல் 18 மைக்ரான் வரை. புல்லி போரை ஹெச்7-இல் அடித்தால் 0 முதல் 25 மைக்ரான் வரை கூடுதல். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மிக இறுக்கமாக அமைந்தால் 18 மைக்ரான் பிடிப்பு, மிகத் தளர்வாக அமைந்தால் 23 மைக்ரான் இடைவெளி. இரண்டுக்கும் நடுவில் எங்கேயாவது உட்காரும். கழற்றி மாட்டுகிற புல்லிக்குச் சரியான இடம் இதுவே. பட்டறையில் ‘ஃப்ரீயாகப் போகிற மாதிரி’ அடித்துத் தருகிறேன் என்று பத்தில் ஒரு மில்லிமீட்டர் விட்டால் அது 100 மைக்ரான். அங்கேதான் செம்பழுப்புத் தூள் பிறக்கிறது. புல்லியை மட்டும் லேத்துக்கு அனுப்பாமல், ஷாஃப்டை மைக்ரோமீட்டரில் அளந்து அந்த எண்ணையும் எழுதி அனுப்புங்கள்.

இறுக்கமாக இருந்தால் எப்படி மாட்டுவது? தயவுசெய்து அடித்து ஏற்றாதீர்கள். ஒவ்வொரு அடியும் ஷாஃப்ட் வழியாகப் போய் மோட்டார் பேரிங்கின் பந்துகள் ஓடும் தடத்தில் குழி போடுகிறது. மோட்டார் புதிதிலேயே இரைச்சல் போடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பெரும்பாலான மோட்டார் ஷாஃப்ட் முனையில் நடுவில் ஒரு மரையிட்ட துளை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 38 மி.மீ. ஷாஃப்டில் அது எம்12 (12 மி.மீ. மரை), 28 மி.மீ. ஷாஃப்டில் எம்10. அது அலங்காரத்துக்கு இல்லை. அதில் ஒரு ஸ்டட் மாட்டி, கெட்டியான வாஷரும் நட்டும் வைத்து இறுக்கினால் புல்லி தானாக உள்ளே போகும், பேரிங்குக்கு ஒரு அடியும் விழாது. இன்னும் சுலபம் வேண்டுமானால் புல்லியை 100 டிகிரி வரை சூடாக்குங்கள். அறை வெப்பத்திலிருந்து 70 டிகிரி ஏறினால் 38 மி.மீ. போர் ஏறக்குறைய 30 மைக்ரான் விரியும், 18 மைக்ரான் பிடிப்பைத் தாண்ட அது போதும்.

அப்புறம் கிரப் ஸ்க்ரூ. அது கீயின் மேல்தான் உட்கார வேண்டும், ஷாஃப்டின் மேல் அல்ல. கீ கடிபட்டால் புதுக் கீ வெட்டிக்கொள்ளலாம். ஷாஃப்ட் கடிபட்டால் அந்தத் தழும்பு மோட்டாரின் ஆயுள் முழுக்க இருக்கும். இரண்டாவது ஸ்க்ரூ வேண்டுமென்றால் அது உட்காரும் இடத்தில் ஷாஃப்டை அரத்தால் லேசாகத் தட்டையாக்கிவிடுங்கள், அல்லது ஸ்க்ரூவுக்கு அடியில் ஒரு சின்னப் பித்தளைத் துண்டு போடுங்கள். பிசிறு எழும்பினாலும் அந்தத் தட்டையின் பள்ளத்துக்குள்ளேயே அடங்கிவிடும்.

என்னைக் கேட்டால் கிரப் ஸ்க்ரூவே வேண்டாம். ஷாஃப்ட் முனையில் ஏற்கெனவே எம்12 மரை இருக்கிறதே, அதில் ஒரு எண்ட் பிளேட்டும் போல்ட்டும் போட்டால் புல்லி வெளியே நகராது. ஷாஃப்டில் ஒரு காயமும் இல்லை, கழற்றச் சாதாரண ஸ்பேனர் போதும்.

இந்த முறையில் நான் மிக முக்கியமாக நினைப்பது ஒன்று உண்டு, ஏறக்குறைய யாருமே அதைச் செய்வதில்லை. புல்லி லேத்தில் இருக்கும்போதே ஹப்பின் முகத்தில் எதிரெதிரே இரண்டு எம்8 மரை போட்டுவிட வேண்டும். கழற்றும் நாளில் ஒரு பட்டையான இரும்புத் துண்டை ஷாஃப்ட் முனைக்குக் குறுக்கே வைத்து, இரண்டு போல்ட்டால் புல்லியோடு பிடித்து மாறி மாறி இறுக்கினால் போதும். நல்ல தரமான இரண்டு எம்8 போல்ட் சேர்ந்து மூன்று டன் இழுப்பைத் தாராளமாகத் தாங்கும். அந்த இழுப்பு ஹப்பின் நடுவில் நேராக விழுகிறது, விளிம்புக்கு ஒரு சேதமும் இல்லை. இரண்டு துளைக்கும் மரைக்கும் ஆகிற செலவு ஒரு பெல்ட் விலைகூட இருக்காது. மாட்டுவதற்கு முன் ஷாஃப்டில் மெல்லியதாக ஆன்டி-சீஸ் (சிக்காமல் தடுக்கும்) பேஸ்ட் தடவினால் துருவும் அண்டாது.

பழைய மெஷின்களில் பார்க்கும் தலை வைத்த கீயைப் பற்றியும் ஒரு வார்த்தை. நூற்றுக்கு ஒன்று சரிவுள்ள ஆப்பு அது. தலைக்குப் பின்னால் உளியை வைத்துத் தட்டினால் வெளியே வந்துவிடும், அந்த வகையில் நல்ல சிந்தனைதான். ஆனால் புல்லியை ஒரு பக்கமாகத் தள்ளிப் பிடிப்பதால் ஆட்டம் இருக்கும். நீட்டிக்கொண்டிருக்கும் தலை வேட்டியையும் லுங்கியையும் இழுத்துவிடும், பாதுகாப்பு மூடி (கார்டு) இல்லாமல் வைக்கவே கூடாது. மெதுவாகச் சுற்றும் கனமான மெஷினுக்குச் சரி, 1440 ஆர்பிஎம்-க்கு வேண்டாம்.

டேப்பர் லாக் புஷ்

கழற்றுவதை மனதில் வைத்தே வடிவமைத்த பொருள் இது. நம்மிடையே ஃபென்னர் புல்லி என்று சொன்னாலே பலருக்கு இதுதான் நினைவுக்கு வரும். மதுரையில் ஆலை உள்ள நிறுவனம் என்பதால் தமிழ்நாட்டில் கிடைப்பதிலும் சிரமமில்லை, வேறு பலரும் செய்கிறார்கள். புல்லியின் உள்ளே சரிவான துளை, அதற்குள் நீளவாக்கில் பிளவுபட்ட ஒரு சரிவான புஷ். புஷ்ஷை உள்ளே தள்ளத் தள்ள அது சுருங்கி ஷாஃப்டை இறுகப் பிடிக்கும். இடைவெளி அறவே இல்லாததால் உரசலும் இல்லை, தூளும் இல்லை.

இதன் அழகு துளைகளில் இருக்கிறது. ஒவ்வொரு துளையும் பாதி புஷ்ஷிலும் பாதி ஹப்பிலுமாக வெட்டப்பட்டிருக்கும். இரண்டு துளைகளில் மரை ஹப்பின் பக்கம். அதில் ஸ்க்ரூ போட்டால் புஷ்ஷை உள்ளே தள்ளும். மூன்றாவது துளையில் மரை புஷ்ஷின் பக்கம். அதில் ஸ்க்ரூ போட்டால் புஷ்ஷை வெளியே தள்ளும். மாட்டப் பயன்பட்ட அதே ஸ்க்ரூவில் ஒன்றை எடுத்து மூன்றாவது துளையில் போட்டு இறுக்கினால் கழன்றுவிடும். புல்லரும் வேண்டாம், சம்மட்டியும் வேண்டாம், ஒரு ஆலன் கீ போதும். மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் கை மட்டும் நுழைகிற சந்தில்கூட இதைச் செய்யலாம்.

புஷ் எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. 2012 என்றால் அதிகபட்சப் போர் 2.0 இன்ச், நீளம் சுமார் 1.2 இன்ச். 1610 என்றால் 1.6 இன்ச் போர், 1.0 இன்ச் நீளம். இதில் இன்னொரு பெரிய வசதி இருக்கிறது. 2012 புஷ் எடுக்கும் புல்லி ஒன்று உங்களிடம் 38 மி.மீ. ஷாஃப்டில் ஓடுகிறது. நாளை 15 ஹெச்பி, 160 ஃபிரேம் மோட்டார் போட வேண்டும், ஷாஃப்ட் 42 மி.மீ. பெல்ட் அந்தச் சுமையைத் தாங்குமென்றால் புல்லியை மாற்ற வேண்டியதில்லை, 42 மி.மீ. போர் உள்ள 2012 புஷ் மட்டும் வாங்கினால் போதும். லேத்துக்குப் போகவே வேண்டாம்.

தவறுகள் நடப்பது பெரும்பாலும் மாட்டும்போதுதான். சரிவுப் பகுதியிலும் போரிலும் எண்ணெய், கிரீஸ், ஆன்டி-சீஸ் எதுவும் படக் கூடாது. உரசல் பிடியில்தான் இது நிற்கிறது, எண்ணெய் பட்டால் அதே ஸ்க்ரூ இறுக்கத்தில் புஷ் அளவுக்கு மீறி உள்ளே போய் ஹப்பைப் பிளந்துவிடலாம். துணியால் நன்றாகத் துடைத்துக் காய்ந்த நிலையில் மாட்டுங்கள். எண்ணெய் ஸ்க்ரூவின் மரையில் மட்டும். இரண்டு ஸ்க்ரூவையும் மாறி மாறி இறுக்கி, ஒரு மரக்கட்டையோ பித்தளைத் துண்டோ வைத்துப் புஷ்ஷின் முகத்தில் லேசாகத் தட்டி, மறுபடி இறுக்க வேண்டும். தட்டும்போது புஷ் இன்னும் சற்று உள்ளே இறங்கும் என்பதால் இரண்டு மூன்று முறை இப்படிச் செய்வது அவசியம். 1610-க்கு 20 நியூட்டன் மீட்டர், 2012-க்கு 30, 2517-க்கு 50 என்பது வழக்கமான இறுக்கம். சின்ன ஆலன் கீயில் பைப் மாட்டி நெம்புவது இதற்கு எதிரான வேலை. பெல்ட் நேர்க்கோடு பார்ப்பதை இறுக்கி முடித்தபின் வைத்துக்கொள்ளுங்கள், இறுக்கும்போது புல்லி சற்று நகர்ந்திருக்கும்.

கழற்றும்போது வரும் தொல்லைகள் இரண்டு. ஒன்று, காலியாக விட்ட மூன்றாவது துளையில் பஞ்சும் தூசியும் துருவும் அடைத்துக்கொள்வது. மாட்டிய அன்றே அதில் கிரீஸை நிரப்பிவிட்டால் இது வராது. ஸ்க்ரூவின் ஆலன் குழிக்கும் அதையே செய்யுங்கள். இரண்டாவது தொல்லை மரையில். இந்தப் புஷ்களின் ஸ்க்ரூ மில்லிமீட்டர் மரை இல்லை, விட்வொர்த் இன்ச் மரை: 1610-இல் 3/8, 2012-இல் 7/16, 2517-இல் 1/2 இன்ச். தொலைந்துபோன ஸ்க்ரூவுக்குப் பதில் கையில் கிடைத்த எம்10-ஐ முறுக்கினால் மரை நாசமாகும், அப்புறம் புஷ்ஷை வெளியே தள்ள வழியே இருக்காது. ஒவ்வொரு அளவிலும் நான்கைந்து ஸ்க்ரூ ஸ்டோரில் வைத்திருப்பது பெரிய விஷயமில்லை.

விலை பைலட் போர் புல்லியைவிடக் கூடுதல்தான். ஆனால் போர் அடிக்கவும் கீவே வெட்டவும் கொடுக்கும் கூலியையும் போய்வரும் நேரத்தையும் கழித்துப் பாருங்கள். இரண்டாவது முறை மோட்டார் மாற்றும்போது கணக்கு டேப்பர் லாக் பக்கம் சாய்ந்துவிடும்.

சூடேற்றி ஏற்றுவது, கீ இல்லாமல் பிடிப்பது, ஒட்டுவது

ஷாஃப்டைவிடப் போரை வேண்டுமென்றே சிறிதாக அடித்து, சூடாக்கியோ பிரஸ் வைத்தோ ஏற்றும் முறை மிகப் பலமானது. ரயில் சக்கரங்கள் ஆக்ஸிலில் உட்கார்ந்திருப்பது இப்படித்தான். கழற்றுவதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 1940-களில் எஸ்கேஎஃப் நிறுவனத்தில் எர்லாண்ட் பிராட் உருவாக்கிய முறையில், ஷாஃப்டில் போட்ட நுண்ணிய துளை வழியாக மிக உயர்ந்த அழுத்தத்தில் எண்ணெயைச் செலுத்துவார்கள். எண்ணெய்ப் படலம் இரண்டு பரப்புகளையும் பிரித்துவிட, டன் கணக்கில் பிடித்திருந்த பாகம் வழுக்கிக்கொண்டு வரும். அந்தத் துளையும் பம்பும் இருக்கிற இடத்தில் இது அருமையான முறை. சாதாரண மோட்டார் புல்லிக்குப் பிரஸ் ஃபிட் போடுவது, கேஸ் கட்டிங் ஆளுக்கு முன்கூட்டியே அட்வான்ஸ் கொடுப்பதற்குச் சமம். வேண்டவே வேண்டாம்.

கீ இல்லாத லாக்கிங் அசெம்பிளி வேறு ரகம். இரண்டு சரிவு வளையங்களைச் சுற்றிலும் உள்ள பல ஸ்க்ரூக்கள் ஒன்றையொன்று நோக்கி இழுக்க, உள் வளையம் சுருங்கி ஷாஃப்டையும் வெளி வளையம் விரிந்து ஹப்பையும் பிடிக்கும். கீவே வெட்டாததால் ஷாஃப்ட் பலம் குறையாது, முன்னும் பின்னுமான ஆட்டம் துளிகூட இல்லை. எல்லாவற்றையும்விட, எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் நிறுத்தி இறுக்கலாம். பேக்கிங் மெஷினிலும் அச்சு மெஷினிலும் டைமிங் புல்லியை அரை டிகிரி திருப்பி வைக்க வேண்டியிருக்கும். அங்கே கீ ஒரு தடை, இதுதான் சரி. கழற்ற எல்லா ஸ்க்ரூவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். சில வகைகளில் சரிவு செங்குத்தாக இருப்பதால் தானே விடுபடும். சரிவு குறைந்த வகைகளில் வளையத்திலேயே உள்ள மரைத் துளைகளில் ஸ்க்ரூவை மாற்றிப் போட்டுத் தள்ள வேண்டும். லேசான எண்ணெய் தடவலாம், மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த எதையும் தடவக் கூடாது, பிடிமானம் போய்விடும். டார்க் ரெஞ்ச் இல்லாமல் இதைத் தொடவே வேண்டாம். மெல்லிய காஸ்ட் அயர்ன் ஹப்புக்கும் இது ஆகாது. உள்ளிருந்து விரியும் அழுத்தத்தில் பிளந்துவிடும்.

தேய்ந்த ஷாஃப்டுக்குச் சிலர் ஒட்டும் திரவம் போடுகிறார்கள். இடைவெளியை நிரப்பி உரசலை நிறுத்துவதில் உண்மையிலேயே பலன் உண்டு. ஆனால் நம்பரைப் பார்த்து வாங்குங்கள். லாக்டைட் 641 பின்னால் கழற்ற வேண்டிய இடத்துக்கு, 638 மிகப் பலமான பிடிக்கு. 638 போட்டதைக் கழற்ற 250 டிகிரி வரை சூடாக்க வேண்டியிருக்கும். பக்கத்திலேயே மோட்டார் பேரிங்கும் அதன் கிரீஸும் ஆயில் சீலும் இருக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள்.

பேரிங்கும் இதே கதைதான்

புல்லியைக் கழற்றுவது பல நேரம் அதன் பின்னால் உள்ள பேரிங்கை மாற்றத்தான். புளோயர், கன்வேயர் ஷாஃப்டுகளில் யூசிபி 208 மாதிரியான பில்லோ பிளாக் (அடிக்கட்டையோடு வரும் பேரிங்) சர்வ சாதாரணம். 40 மி.மீ. ஷாஃப்ட், உள் வளையத்தில் இரண்டு கிரப் ஸ்க்ரூ. மாட்டுவது ஐந்து நிமிடம். கழற்றும்போது மேலே சொன்ன உரசல் தூளும் பிசிறும் சேர்ந்து பாடாய்ப் படுத்தும். ஸ்க்ரூ உட்காரும் இரண்டு இடங்களையும் முதலிலேயே அரத்தால் தட்டையாக்கி வைத்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

பெரிய ஃபேன்களுக்கு அடாப்டர் ஸ்லீவ் (ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில் வரும் சரிவான உறை) உள்ள பேரிங்தான் என் தேர்வு. 65 மி.மீ. ஷாஃப்டில் ஹெச் 315 ஸ்லீவ், அதன்மேல் 22215 கே பேரிங், பன்னிரண்டுக்கு ஒன்று சரிவு. லாக் நட்டைச் சில மரை தளர்த்தி, ஷாஃப்டுக்கு மேல் பொருந்தும் ஒரு பைப்பை நட்டின் முகத்தில் வைத்துச் சுற்றிலும் தட்டினால் ஸ்லீவ் விடுபடும். ஷாஃப்டை மைக்ரான் கணக்கில் கடைய வேண்டியதும் இல்லை. மாட்டும்போது பேரிங் கிளியரன்ஸ் (உள் இடைவெளி) எவ்வளவு குறைகிறது என்று ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பார்க்கத் தெரிந்த ஆள் மட்டும் வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் சூடாகிப் போய்விடும்.

எங்கே எது

மூன்று ஷிஃப்டும் ஓடுகிற நூற்பாலை, நெசவாலை என்றால் யோசிக்காமல் டேப்பர் லாக். மோட்டார்கள் நிறைய, மாற்றுவதும் அடிக்கடி, நிறுத்தினால் நஷ்டம். புல்லிகளை முடிந்தவரை ஒன்றிரண்டு புஷ் எண்களுக்குள் கொண்டுவந்துவிட்டால் ஸ்டோரில் வைக்க வேண்டிய சரக்கும் குறையும்.

பொள்ளாச்சிப் பக்கத்துக் கயிறு நார் ஆலைக்கு நான் வேறு மாதிரி சொல்வேன். அங்கே நார்த்தூள் ஆலன் ஸ்க்ரூவின் குழியில் போய் ஈரத்தோடு கெட்டியாகிவிடும். மட்டை அடிக்கும் மெஷினில் அதிர்ச்சிச் சுமையும் அதிகம். இறுக்கமான போர், கீ, எண்ட் பிளேட், வெளியே தெரியும் ஆறுமுனைத் தலை போல்ட். ஸ்பேனர் மட்டும் வைத்திருக்கிற ஆளும் கழற்ற முடியும். டேப்பர் லாக்தான் வேண்டுமென்றால் கீயோடு போட்டு, துளைகளையெல்லாம் கிரீஸால் மூடிவையுங்கள்.

தூத்துக்குடி உப்பளத்து மெஷின்களில் துருதான் எதிரி. அங்கே எந்த முறையானாலும் ஐந்து வருடம் தொடாமல் விட்டால் சிக்கும். ஆன்டி-சீஸ் தடவ அனுமதிக்கும் முறை கீ மட்டுமே என்பதால் அதையே எடுப்பேன். ஹப் முகத்தில் இரண்டு மரைத் துளை, மழைக்காலத்தில் உற்பத்தி நிற்கும்போது ஒருமுறை இழுத்துத் துடைத்துத் திரும்ப மாட்டுவது. அந்த ஒரு வேலையை வழக்கமாக்கிக்கொண்டால் போதும்.

கிராமத்தில் ஐந்து ஹெச்பி மோட்டாரில் கதிரடிக்கும் மெஷின் ஓட்டுகிறவருக்கு டேப்பர் லாக் வாங்கச் சொல்ல மாட்டேன். ஸ்க்ரூ தொலைந்தால் பக்கத்து ஊரில் கிடைக்காது. லேத்துக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும். 28 மி.மீ. ஷாஃப்டுக்கு இப்படி: போர் 28 ஹெச்7, கீவே 8 மி.மீ., கிரப் ஸ்க்ரூ கீயின் மேல், ஹப் முகத்தில் எதிரெதிரே இரண்டு எம்8 மரை.

இப்போதே சிக்கியிருக்கும் புல்லி

மேலே சொன்னது எல்லாம் புதிதாக மாட்டுகிறவர்களுக்கு. ஏற்கெனவே இறுகிப்போனதை என்ன செய்வது? கிரப் ஸ்க்ரூவை முழுசாக வெளியே எடுங்கள், அதற்கடியில் இன்னொரு ஸ்க்ரூ இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்று போட்டுப் பூட்டுவது சிலரின் பழக்கம். ஷாஃப்டின் வெளித்தெரியும் பகுதியை எமரித் தாளால் தேய்த்துத் துருவை எடுங்கள். இல்லையென்றால் புல்லி அதன்மேல் ஏறி மறுபடி சிக்கும். துருவைத் தளர்த்தும் எண்ணெயை முதல்நாளே ஊற்றி ஊறவிடுங்கள். மறுநாள் ஹப்பின் முகத்தில் இடமிருந்தால் மெஷினிலேயே வைத்து இரண்டு துளை போட்டு மரை வெட்டுங்கள், விளிம்பில் புல்லர் மாட்டுவதைவிட இது நிச்சயமான வழி. இழுப்பைக் கொடுத்து அப்படியே நிறுத்தி, எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, ஹப்பை மட்டும் சுற்றிலும் சீராகச் சூடாக்குங்கள். ஷாஃப்ட் சூடாவதற்கு முன் ஹப் விரிய வேண்டும், எனவே தாமதிக்கக் கூடாது. பெரும்பாலும் டப்பென்று ஒரு சத்தத்தோடு நகரும்.

வெளியே வந்தபின் உடனே புதுப் புல்லியை மாட்டிவிடாதீர்கள். ஷாஃப்டை மூன்று இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து பாருங்கள். 38 மி.மீ. ஷாஃப்ட் 38-க்குக் குறையாமல் இருந்தால் கீ முறையே போதும். 37.95 வரை இறங்கியிருந்தால் டேப்பர் லாக் போடுங்கள், அது சுருங்கிப் பிடிப்பதால் அந்தக் குறையைச் சமாளிக்கும். அதற்கும் கீழே போயிருந்தால் புல்லி வாங்கும் பணத்தை முதலில் ஷாஃப்டைச் சரிசெய்யச் செலவிடுங்கள்.